ஞானபாயின் இருபத்தொரு நிமிடங்கள்

தப்பு என்னுடையது. இதைக் கம்பெனிக்குள் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் ஆள், அதை இனிமேல் கம்ப்யூட்டரில் மாற்ற முடியாது என்றார். இரண்டாவது ஆள் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார். மூன்றாவது ஆளிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில்தான் சொன்னேன்.

நேமம் தாண்டி பாலராமபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. திருவிதாங்கூர் மின்விசை உறுப்புகள் லிமிடெட் என்பது முழுப்பெயர். சீலிங் ஃபேனுக்கும் கிணற்று மோட்டாருக்கும் உறுப்புகள் செய்து கொடுத்து, பெரிய லாபமும் இல்லாமல் பெரிய வெட்கமும் இல்லாமல் முப்பது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. 2007-இல் வடக்கே ஒரு கார் கம்பெனி ஹைப்ரிட் கார் செய்யப்போவதாக அறிவித்தது. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒரே வண்டியில் இருந்து, முறைவைத்து இழுக்கிற கார். அந்த மோட்டாருக்கு ஸ்டேட்டர் செய்து கொடுப்பது நாங்கள் என்று ஒப்பந்தமாயிற்று. ஸ்டேட்டர் என்றால் மோட்டாரில் சுற்றாமல் நின்ற இடத்திலேயே நிற்கிற பகுதி. எங்கள் நிர்வாகத்துக்குத் தோதான பகுதிதான் என்று யூனியன்காரர்கள் சொன்னார்கள்.

கார் இன்னும் வரவில்லை. காரின் படம் வந்திருந்தது. அதற்கு ஃப்ரேம் போட்டு ஜெனரல் மானேஜர் அறையில் மாட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மாதிரிக்குப் பதினொரு ஸ்டேட்டர் கேட்டிருந்தார்கள். பதினொன்றையும் செய்வதற்கு முன்னால் அவற்றை எப்படித் திறனோடு செய்வது என்று முடிவு செய்ய வேண்டும் அல்லவா? அதற்காகத் திறன் மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

பிரிவுக்குத் தலைவராக வந்தவர் பிபின். நெய்யாற்றின்கரைக்காரர், முப்பது வயது, நல்ல படிப்பு. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், ஆபீஸில் இரண்டோடு இங்கிலீஷையும் கலந்து ஒரு பாஷை. தாமிரக் கம்பி வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஏ.சி. போட்டு, அதில் உட்கார்ந்தார். கம்பிச் சுருள்கள் தார்ப்பாயின் கீழ் வராந்தாவுக்குப் போயின. முதல் மாதம் பிரிவில் மூன்று பேர். ஆறாம் மாதம் பத்தொன்பது பேர். இந்தப் பத்தொன்பது பேரும் சேர்ந்து, கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த இருபத்து நான்கு பெண்கள் நேரத்தை வீணாக்குகிறார்களா என்று கண்காணித்தார்கள்.

முதலில் எல்லாப் பொருள்களைச் சுற்றியும் மஞ்சள் கோடு போட்டார்கள். மேஜைக்கு ஒரு கோடு, நாற்காலிக்கு ஒரு கோடு, குப்பைக்கூடைக்கு ஒரு கோடு. என் டிபன் கேரியருக்கும் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'பகல் 12.30 வரை' என்று எழுதினார்கள். பிறகு காலை உறுதிமொழி வந்தது. எல்லோரும் வலது கையை நீட்டிக்கொண்டு, ஒரு வினாடியையும் வீணாக்க மாட்டேன் என்று மூன்று மொழிகளில் சொல்ல வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது.

நான் அங்கே டைம் கீப்பர். பெயர் பஞ்சாபகேசன். வலியசாலையில் வீடு, நெற்றியில் விபூதி, அதனால் வைண்டிங் பெண்கள் எல்லோருக்கும் நான் சாமி. ஒரு வேலையைச் செய்ய எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு அளந்து எழுதுவது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்தேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் என் தப்பு புரியும்.

அளக்கிறவன் இரண்டு எண் எழுத வேண்டும். ஒன்று, கடிகாரம் காட்டுகிற நேரம். இன்னொன்று ரேட்டிங். அதாவது, அந்த ஆள் எவ்வளவு மனசு வைத்து வேலை செய்தார் என்று அளக்கிறவனுக்குத் தோன்றுகிற மதிப்பு. முழுமனதோடு செய்தால் நூறு. இழுத்தடித்தால் எண்பது, எழுபது. கடிகார நேரத்தை ரேட்டிங்கால் குறைத்தால் வருவதுதான் நியாயமான நேரம்.

வாட்ச்சைக் கண்டால் மெல்லச் செய்வது என்பது எங்கள் கம்பெனியில் முதல் நாளிலிருந்து உள்ள வழக்கம். முப்பது நிமிட வேலையை நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு இழுப்பார்கள். இழுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். நான் ரேட்டிங் எழுபது என்று போடுவேன். கணக்குப் போட்டால் சரியாக முப்பது வரும். அவர்கள் ஒரு பொய், நான் ஒரு பொய், ஃபைலில் உண்மை. இருபத்திரண்டு வருஷம் இப்படி ஒரு புகாரும் இல்லாமல் நடந்தது.

ஸ்டேட்டருக்கு நேரம் எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்தபோது, பிபின் ஒரு புதிய படிவம் கொடுத்தார். ஆளுக்கு ஏழு பக்கம். இருபத்து நான்கு பேருக்கு நூற்று அறுபத்தெட்டுப் பக்கம். மூன்று நாளில் முடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், முதல் நாள் காலையில் வந்ததும் மேஜையில் உட்கார்ந்து, இருபத்து நான்கு படிவத்திலும் ரேட்டிங் கட்டத்தில் எழுபது, எழுபது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். நேரம் மிச்சம் பிடிக்கத்தான். நானும் உறுதிமொழி எடுத்தவன்தானே.

இருபத்து நான்காவது ஆள் ஞானபாய். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வருஷம் நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. அதுவரை காகிதம் வெட்டுகிற பிரிவில் இருந்துவிட்டு, வைண்டிங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரை நான் அளப்பது அதுதான் முதல் தடவை. இரும்பு வளையத்தின் உட்புறம் இருக்கிற நாற்பத்தெட்டுப் பள்ளங்களிலும் காகிதம் வைத்து, தாமிரக் கம்பிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு குச்சியால் தட்டித் தட்டி அமர்த்தினார். அவர் தலை நிமிரவே இல்லை. நான் பேப்பரில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்று அவர் சொன்னபோது வாட்ச் முப்பது நிமிடம் காட்டியது. சீக்கிரம் முடித்துவிட்டாரே, காபிக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டு, முப்பது என்று எழுதினேன். பக்கத்தில் எழுபது ஏற்கனவே இருந்தது.

இழுக்க வேண்டும் என்று மற்றவர்கள் அவருக்குச் சொல்லாமல் இல்லை. பக்கத்து மேஜை ரத்னாபாய் காலையிலேயே சொல்லியிருக்கிறார். "வாச்சிக்க முன்னால கள்ளத்தனம் காட்டதுக்கு எனக்கு ஒக்காது" என்று ஞானபாய் சொல்லிவிட்டாராம். ஒக்காது என்றால் அவர்கள் பக்கத்தில் முடியாது என்று அர்த்தம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முப்பதில் எழுபது சதவீதத்தைக் கணக்கிட்டு இருபத்தொன்று என்று சொல்லிற்று. மற்ற இருபத்து மூன்று பேருக்கும் முப்பது, முப்பதேகால் என்று வந்திருந்தது. ஒருவரால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்பது பிபின் பிரிவின் கொள்கை. எனவே ஒரு ஸ்டேட்டருக்கு இருபத்தொரு நிமிடம் என்று நிர்ணயமாயிற்று.

மறுநாள் உறுதிமொழி முடிந்ததும் ஜெனரல் மானேஜர் வெங்கடேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். கரமனைக்காரர், பம்பாயில் மேனேஜ்மெண்ட் படித்தவர். "தோழர்களே, முப்பது நிமிஷம் ஆகும்னு உலகம் நெனச்சுண்டிருந்த வேலையை இருபத்தொரு நிமிஷத்துல செய்யலாம்னு நாம நிரூபிச்சுட்டோம். ஆர்டர் வந்தப்பறம் வேகமாகறது எந்தக் கம்பெனியும் செய்யும். ஆர்டரே இல்லாதபோதும் நாம வேகமா இருக்கோம். இதுதான் நமக்கும் மத்தவாளுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார். பிறகு ஞானபாயை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் உட்கார்ந்து எழுதின எழுபதுகள் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. கைதட்டலில் நானும் கைதட்டினேன்.

அன்றே பழவங்காடிப் பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் உடைப்பது என்று ஜெனரல் மானேஜர் வேண்டிக்கொண்டார். எண்ணைக் கண்டெடுத்தவன் என்ற முறையில் உடைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கூட வந்த பிபின், ஒரு தேங்காய்க்கு ஒன்பது வினாடி ஆகிறது என்றும், குனிந்து எடுப்பதை ஒழித்தால் ஆறு வினாடியில் முடிக்கலாம் என்றும் குறித்துக்கொண்டார். ஐயா, தப்பு பண்ணிவிட்டேன் என்று கணபதியிடமாவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பின்னால் வாட்ச் ஓடிக்கொண்டிருந்ததால் வேண்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் பிபினிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஞானபாய் முழுமனதோடு செய்தார், ரேட்டிங் நூறு என்று போட்டிருக்க வேண்டும், நேரம் முப்பதுதான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாரே, அது இனி மாத்த பற்றில்ல. சிஸ்டத்துல கேறிப்போச்சு. பத்தொம்பது சார்ட் அடிச்சாச்சு. அதுல பதினாறு லேமினேட் செஞ்சாச்சு."

"லேமினேட் பண்ணினா என்ன, வேற அடிக்கலாமே?"

"அப்போ லேமினேஷன் வேஸ்ட் ஆகும்லே. வேஸ்ட் ஒழிக்கணும்னு நாம காலைல சொல்லுததல்லே?" அவர் குரலில் கோபமே இல்லை. "பின்னே, சாரே, முப்பதுன்னு சொன்னா நம்ம பிரிவு எதுக்குன்னு ஆளுங்க கேப்பாங்க. முப்பது பண்டே உண்டல்லோ."

ஜெனரல் மானேஜரிடம் போனேன். நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னேளா?"

"பிபின் சார்கிட்ட சொன்னேன்."

"நல்லது. அது ப்ராப்பர் சானல்தான்." கார் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "பஞ்சாபகேசன், தப்புன்னு சொல்லாதேங்கோ. தப்புன்னா அதைத் திருத்தணும். இலக்குன்னு வச்சுக்கோங்கோ. இலக்குன்னா அதை நோக்கிப் போனாப் போறும், அடையணும்னு கட்டாயமில்லை. உங்களை மாதிரி மனசாட்சியோட வேலை செய்யறவா இந்தப் பிரிவுக்கு வேணும்."

அடுத்த வாரம் என்னைத் தலைமை நேரக் கணிப்பாளர் ஆக்கினார்கள். புதிய நாற்காலி வந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள்.

இதற்குள் வைண்டிங் பிரிவில் ஒருவரும் ஞானபாயிடம் பேசுவதில்லை. இருபத்தொன்று என்று பலகையில் எழுதி மேலே தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு சிவப்பு விளக்கு வைத்தார்கள். இருபத்தொன்று தாண்டினால் அது எரியும். நாள் முழுக்க இருபத்து நான்கு விளக்கும் எரிந்தன. விளக்கு எரியாத நேரத்தை அளப்பதற்குப் பிபின் ஒரு ஆளை நியமித்தார். பாவம், அவருக்கு வேலை இல்லை.

"பெரிய யோக்கியக்காரி. ஒன்னைக்கொண்டு நாங்க எல்லாரும் கெடக்கோம்" என்று ரத்னாபாய் எல்லோரும் கேட்கச் சொன்னார். ஞானபாய் சாப்பாட்டு நேரத்திலும் மேஜையை விட்டு எழுந்திருக்காமல், பழைய ஃபேன் ஸ்டேட்டரை எடுத்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. இருபத்தொன்பதுக்கு வந்தார். ஒருநாள் இருபத்தெட்டுக்கு வந்தார். அன்றைக்குக் கம்பியின் மேல்பூச்சு உரிந்து, அந்த ஸ்டேட்டரைக் கழித்துப் போட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சாமி, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளுங்கோ."

"அண்ணைக்கு நான் உள்ளபடியே இருவத்தொண்ணு நிமிசத்துலயா முடிச்சேன்?"

நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.

"எனக்கு நெனவே இல்ல சாமி. ஆனா சாமி எளுதினது தப்பா இருக்காதுல்லா. அண்ணைக்கு ஒக்கும்னா இண்ணைக்கும் ஒக்கணுமே. எனக்க கையிக்கு என்னவோ கேடு வந்திருக்கு. ஆசுபத்திரில காட்டினேன், ஒண்ணும் இல்லைங்காங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எதிரில்தான் நின்றார். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிபின் இருந்தார், நான் உட்கார்ந்திருந்தது புது நாற்காலி, பதினாலு மாதம் இப்போது பதின்மூன்று ஆகியிருந்தது.

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கு ஞானபாய்" என்றேன்.

"சரி சாமி. அப்போ பளகினா வரும்" என்று போனார்.

அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி சீதாலக்ஷ்மி நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள், "என்னன்னா, ரசத்துல கைய வச்சிண்டு கனாக் காண்றேள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்புன்னு தெரியறதோன்னோ? போய்ச் சொல்லிட்டு வாங்கோளேன். அதுக்கு எதுக்கு இத்தனை பாடு?"

"சொல்லிட்டேனே. பிபின்கிட்ட சொன்னேன், ஜி.எம். கிட்டயே சொன்னேன்."

"அந்தப் பொம்மனாட்டிகிட்டச் சொன்னேளா?"

நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் இருக்கையில், வடக்கேயிருந்து கார் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வருவதாகத் தகவல் வந்தது. கம்பெனி முழுக்க மஞ்சள் கோடுகளின் மேல் மறுபடி மஞ்சள் அடித்தார்கள். விருந்தினர் முன்னிலையில் ஒரு ஸ்டேட்டர் செய்து காட்டுவது என்றும், செய்பவர் ஞானபாய் என்றும், நேரம் எடுப்பவர் தலைமை நேரக் கணிப்பாளர் என்றும் நோட்டீஸ் போர்டில் வந்தது. இது நன்றாக நடந்தால் முதல் நிரந்தர ஆர்டர் அவருக்குத்தான் என்று பிபின் ஞானபாயிடம் சொல்லியிருந்தார்.

ஹாலின் நடுவில் மேஜை போட்டு, மேலே பெரிய சிவப்பு விளக்கு வைத்தார்கள். விருந்தினர் மூவரும் முன்வரிசையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், மாதிரிக்குக் கேட்ட பதினொன்று எப்போது வரும் என்று இங்கிலீஷில் விசாரித்தார். ஜெனரல் மானேஜர் சிரித்தார். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவது பழைய காலத்து உற்பத்தி முறை, நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்றார். செய்த ஸ்டேட்டரை மோட்டாரில் போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா என்று இன்னொருவர் கேட்டார். அது இரண்டாம் கட்டம் என்றார் ஜெனரல் மானேஜர்.

ஞானபாய் வெள்ளைப் புடவை கட்டி வந்திருந்தார். கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணினார். அந்த நிமிடம் கணக்கில் சேருமா என்று பிபின் என் காதில் கேட்டார். பிறகு ஞானபாய் ஆரம்பித்தார். நான் வாட்ச்சை அழுத்தினேன்.

இந்தத் தடவை நான் பேப்பர் படிக்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவுகூட வீண் இல்லை. காகிதம், கம்பிக் கட்டு, குச்சியால் இரண்டு தட்டு, அடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அளந்த யாரும் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. இருபத்தொன்று ஆனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கை நிற்கவில்லை. முடித்து, ஸ்டேட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

முப்பது நிமிடம்.

விருந்தினர்கள் பலகையைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஜெனரல் மானேஜர் கொஞ்சமும் கலங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ரேட்டிங், மிஸ்டர் பஞ்சாபகேசன்?"

நூறு என்றால் எல்லாம் முடிந்துவிடும். பலகை இறங்கும், விளக்குகள் அணையும், சார்ட்டுகள் கிழியும், இந்த அம்மாளுக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை திரும்பக் கிடைக்கும். எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். முன்வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் பயந்தேன். பயந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

"எழுபது" என்றேன்.

பிபின் கால்குலேட்டரை அழுத்தி உயரத் தூக்கிக் காட்டினார். முப்பதில் எழுபது சதவீதம், இருபத்தொன்று. ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாருங்கள்," என்று ஜெனரல் மானேஜர் விருந்தினரிடம் இங்கிலீஷில் விளக்கினார். "இந்த அம்மாள் இன்றைக்குத் தன் சக்தியில் எழுபது சதவீதத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். முழுமனதோடு செய்திருந்தால் இருபத்தொன்றில் முடித்திருப்பார். நாங்கள் கண்டுபிடித்த எண் அப்படியே இருக்கிறது. எங்கள் முறை எவ்வளவு உறுதியானது என்றால், வேலை செய்பவர்களால்கூட அதைக் கெடுக்க முடியவில்லை." விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் என் கையைக் குலுக்கினார்.

இங்கிலீஷ் புரியாமல் நின்ற ஞானபாயிடம் பிபின் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னார். "சேச்சி முழு மனசோட செய்யலைன்னு சார் சொல்லுதார்."

ஞானபாய் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு எனக்கதுதான். எல்லாரும் பொறுத்துக்கிடணும்" என்று தமிழில் சொன்னார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கார் கம்பெனி, ஹைப்ரிட் யோசனையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதாகக் கடிதம் எழுதியது. எங்களுக்கு அதே மாதம் டில்லியில் திறன்மிகு உற்பத்திக்கான விருது கிடைத்தது. அளவுக்காகச் செய்தவையும் கழித்தவையும் போக, செய்து அனுப்பின ஸ்டேட்டர்கள் மொத்தம் ஒன்பது. ஆர்டர் போனதற்குப் பொறுப்பு யார் என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஆறு தடவை கூடியது. வைண்டிங் பிரிவில் மனசு வைத்து வேலை செய்யவில்லை என்று சாட்சிகள் முன்னிலையில், வாட்ச் வைத்து, எழுத்துமூலம் நிரூபணமான ஆள் ஒரே ஒருவர்தான் என்று கண்டுபிடித்தது. மற்ற இருபத்து மூன்று பேர் மீது ஆதாரம் இல்லை. நிரந்தரப் பட்டியலில் ஞானபாயின் பெயரை அடித்தார்கள். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை.

கடைசி நாள் ஏப்ரனையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, என் கையெழுத்துக்காக ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பிபின் டில்லியில் இருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"உக்காருங்கோ ஞானபாய். ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்.

சொன்னேன். காலையில் உட்கார்ந்து எழுபது எழுபது என்று எழுதினதைச் சொன்னேன். ராசிபலன் பார்த்ததைச் சொன்னேன். "நீங்க அன்னிக்கும் முப்பதுலதான் முடிச்சேள். அதுதான் முழு வேகம். அதுக்கு மேல மனுஷாளால முடியாது. இருபத்தொண்ணுங்கறதே கிடையாது. உங்க கையில ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் என் பேனாவுலதான். அன்னிக்கு ஹால்ல நூறுன்னு சொல்லியிருக்கணும். பயந்துண்டு எழுபதுன்னேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

வெட்கத்தை விட்டு அவர் முன்னால் கைகூப்பினேன்.

ஞானபாயின் முகம் இளகியது. எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சாமி என்னத் தேத்துததுக்குச் சொல்லுதிய. எனக்கு மனசிலாவுது."

"இல்லை ஞானபாய், சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியம் பண்ணாதிய சாமி." பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். "நான் போறேன்னு சாமிக்கு வெசனம். அதுக்காச்சுட்டி எனக்க குத்தத்தை எடுத்துச் சாமிக்க தலையில வச்சுக்கிடப் பாக்குதிய. வேண்டாம். நான் அண்ணைக்கு இருவத்தொண்ணுல முடிச்சேன். இத்தன பெரிய கம்பெனி, கம்ப்யூட்டர், ஜி.எம். சாரு, டில்லில உள்ளவங்க, எல்லாருமா பொய் சொல்லுவாங்க? ஒரு நாளு ஒத்தது, பெறவு ஒக்கல்ல. எனக்கு அது போதும்."

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட அதே கையெழுத்து. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று திரும்பினார்.

"சாமி இதுவரைக்கும் ஒரு பொய் சொன்ன ஆளு இல்ல. இண்ணைக்கு எனக்காச்சுட்டி ஒண்ணு சொல்லிட்டிய. ஞாயித்துக்கெளம சபையில அதுக்கு நான் ஜெபிச்சுக்கிடுதேன். கர்த்தர் மன்னிச்சிருவாரு."

சரி என்றேன்.